என் தெத்துப்பல்லுக்கு ஒரு கேப்

இந்தச் சங்கராந்திக்குப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா எள்ளு-வெல்லத்தோடு கரும்புத் துண்டும் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பைக் கண்டால் எனக்குக் கத்தி எதற்கு? வரிசையை விட்டு எட்டிப் பார்க்கும் என் தெத்துப்பல் ஒன்று போதாதா? ஒரே கடி... படக்! கரும்பு உரியவில்லை. பல்தான் பாதிக்கு மேல் போய்விட்டது.

வலி என்றால் அப்படி ஒரு வலி! நீலசந்திராவில் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில்தான் பல் டாக்டர். கன்னடப் பெண். என் வீட்டுக்காரரும் கூடவே வந்தார் — துணைக்கு என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் பார்த்தார். பஞ்சை வைத்து அடைத்தார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, வேர் நல்லா இருக்கு. பிடுங்க வேணாம். ரூட் கெனால் பண்ணிட்டு, மிச்சப் பல்லைச் சுத்திச் செதுக்கி, மேல கேப் மாட்டிடலாம். தொப்பி மாதிரி. நல்லா மெல்லலாம். கரும்பு மட்டும் வேணவே வேணாம்!"

பிறகு கேட்டார்: "கேப் எப்படியும் புதுசாத்தானே செய்யறோம்... வரிசையோட சேர்ந்த மாதிரி பண்ணவா? இல்ல, பழையபடி எட்டிப் பார்க்கணுமா?"

கேட்டது என்னை. பதில் சொன்னது வீட்டுக்காரர்.

"பழையபடியே இருக்கட்டும் டாக்டர்! அந்தத் தெத்துப்பல்லைப் பார்த்துத்தானே கட்டிக்கிட்டேன்!"

எனக்கோ வாய் நிறையப் பஞ்சு. கையைக் காலை ஆட்டி, அதை எடுக்கவைத்தேன்.

"ஏங்க, உங்களுக்கு அழகா இருந்துச்சு. எனக்கு? ஸ்கூல்ல 'தேங்காத் துருவி'ன்னுதான் கூப்புடுவாங்க. நம்ம கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோலயாவது நான் வாயைத் தொறந்திருக்கேனா? டாக்டர், நீங்க வரிசையாவே பண்ணுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம்தான். ஆனால் நான் மட்டும் என்ன செய்ய? திட்டினால் திருப்பித் திட்டலாம். பிரியமாகச் சொல்பவரிடம் 'எனக்குப் பிடிக்கலை' என்று இத்தனை வருஷமும் எப்படிச் சொல்லியிருப்பேன்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்... யோசித்துப் பாருங்கள்.

அளவெடுத்து, லேபுக்கு அனுப்பி, ஒருவழியாக கேப்பை ஒட்டினார்கள். நாக்கால் தடவிப் பார்த்தேன். துருத்திக்கொண்டு ஒன்றும் இல்லை. பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. டாக்டர் பதறிப்போய், "வலிக்குதா?" என்றார். வலியா! சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு."

"உங்களை யாரு கேட்டா?" என்றேன் — எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே.