மதகடியில் நின்ற மூன்றுகால்

என் கணவர் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவற்றில் இரண்டு எதற்கும் பயன்படாமல் கிடந்தன. ஒன்று, பெரிய கேமரா. இன்னொன்று, அவருடைய ஓய்வுநேரம். இரண்டையும் சேர்த்து வெளியே அனுப்பினால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் கேமரா என் கைக்கு வந்தது. ஓய்வுநேரம் என் பின்னாலேயே வந்தது.

மாசி மாதம். நீடாமங்கலத்தைச் சுற்றி சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால்களில் அங்கங்கே குட்டையாகத் தேங்கிய நீரில் மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்க, நாரைகளுக்கு தினமும் கல்யாணப் பந்தி. விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்புவோம். படம் எடுப்பது நான். எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்வது அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் குறிபார்க்கும் நொடியில்தான், "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிக்கோ" என்பார். நான் தள்ளமாட்டேன். பறவை தள்ளிப் போய்விடும்.

அன்று மீன்கொத்திக்காக ஒரு வாய்க்கால் மதகடியில் கேமராவை மாட்டிய மூன்றுகால் ட்ரைபாடை நிறுத்தினோம். இவர் தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி. கையில், பாம்புக்குப் பயந்து, நீளமான கம்பு. பார்ப்பவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று இருவருமே யோசிக்கவில்லை. வரப்பில் ஒரு பெண் அரிவாளும் கையுமாக வேகமாக வந்த பிறகுதான் யோசித்தோம்.

"யாரு சார் நீங்க? எங்க வயல எதுக்கு அளக்குறீங்க?"

"அளக்கலைங்க, படம் எடுக்குறோம்," என்றேன்.

"எதை?"

"மீன்கொத்திய."

இதைவிட மட்டமான பொய்யை எந்த அதிகாரியும் அவரிடம் அதுவரை சொன்னதில்லை போலிருந்தது.

"இது ஒரு ஹாபிம்மா," என்று என் கணவர் நிலைமையைச் சரிசெய்தார். அதற்குள் அந்தப் பெண்ணின் கணவரும் பக்கத்து வயல்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பைபாஸ் ரோட்டுக்கு அளக்க வந்தவங்களும் சும்மா பாக்குறோம்னுதான் சொன்னாங்க," என்றார் அந்தப் பெண். "என் மாமனார் கூலிக்கு நட்ட வயலுங்க இது. இன்னைக்குப் பட்டா எங்க பேர்ல இருக்கு. ஒரு அடி மண்ணு தர மாட்டோம்."

எனக்கு எதற்கெடுத்தாலும் கிண்டல் வரும். அப்போது வரவில்லை. கேமராவைக் கழற்றி, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அவரிடம் காட்டினேன். மங்கலான கிளை. வெறும் வானம். ஒரு வாலின் நுனி. என் கணவரின் முழங்கை.

"இதுல ஒரு பறவைகூட முழுசா இல்லையே?"

"அதனாலதாங்க தினம் வர்றோம்."

அவர் தன் கணவரைப் பார்த்தார். "கவர்மெண்டு ஆளுங்க இவ்வளவு மோசமாவா எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் திறமையின்மை எங்களைக் காப்பாற்றியது.

அந்தச் சிரிப்பினூடே குட்டையில் தண்ணீர் சளப்பென்றது. "அந்தா, திருட்டுப் பய!" என்றார் அவர். ஒரு நீர்நாய், வாயில் துள்ளும் விராலோடு கரையேறியது. இத்தனை பேரையும் ஒரு பொருட்டாகவே எண்ணாமல், மீனை முன்கால்களில் பிடித்துத் தலையிலிருந்து நறநறவென்று கடித்தது. மீசையில் நீர்த்துளிகள் மின்னின. நான் அதுவரை நீர்நாயை நேரில் பார்த்ததில்லை. கேமராவின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என் கணவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. ஒரு படம் தெளிவாக விழுந்திருந்தது.

பெருமையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கீரி நல்லாருக்கு" என்றாள் எனக்கு மூத்தவளான என் ராத்தா. "எலியா?" என்றார் அவளைக் கட்டிய மாப்பிள்ளை. சார்ஜாவிலிருந்து கொழுந்தன் இரண்டு கைகளைக் கூப்பிய ஒரு பொம்மைப் படம் அனுப்பினான். யாருக்கு என்ன பிரார்த்தனையோ தெரியவில்லை.

அடுத்த வாரம், அன்று வாங்கிவைத்த நம்பருக்கு அந்தப் பெண்ணே போன் செய்தார். நீர்நாய்க்காக இல்லை. "எங்களையும் வயலையும் சேத்து ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்றார். போனோம். பட்டுப்புடவை கட்டி, கணவரோடு உளுந்துச் செடிகளுக்கு நடுவில் நின்றார். வரப்பு முழுவதும் தெரிய வேண்டும், ஒரு மூலைகூட விடுபடக்கூடாது என்று கட்டளை. எடுத்து முடிக்கும்வரை இருவரும் கண் இமைக்கவில்லை.

இந்தப் பருவத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதைச் சட்டம் போட்டு வாசல்படிக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள், அளக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம்.