பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கிள்ளான் ஆற்றுப் பாலத்தின் மேல் எங்கள் ஸ்கூட்டர் அலறியது. அலறியதே தவிர, நகரவில்லை.

என் வீட்டுக்காரர் த்ராட்டலை முறுக்குகிறார்... எஞ்சின் கத்துகிறது... சக்கரம் மட்டும் எனக்கென்ன வந்தது என்று நிற்கிறது. பின்னால் ஒரு லோரிக்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். மடியில் மீன் பிரட்டல் டப்பாவோடு பின் சீட்டில் நான். கிள்ளானில் என் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம்.

"இறங்கு எஸ்தரு" என்றார். இறங்கினேன்.

சில வாரங்களாக இந்தப் பத்தியில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இதோ, இதுதான் காரணம். சிரிக்க வைக்கும் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தால் மன்னியுங்கள். பாதி வரைக்கும் சிரிக்கலாம்.

முதலில் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாமுவேல். எங்கள் ஃப்ளாட் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு வக்கீல் ஆபீஸில் டெஸ்பாட்ச். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என்று கோர்ட்டுக்கும் பேங்குக்கும் காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் அலைவதுதான் வேலை. மோட்டார் இல்லை என்றால் வேலை இல்லை. அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஓட்டியது கப்சாய், அந்தச் சின்ன மோட்டார். உங்களுக்குத் தெரியும்... கையில் கிளட்ச் கிடையாது, இடது கால்தான் எல்லாம். விரல் பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். என் தம்பி ஓட்டினால் ஒவ்வொரு கியருக்கும் என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் போய் டொக் டொக்கென்று இடிக்கும். இவர் ஓட்டினால் கியர் மாறுவதே தெரியாது. ஃபெடரல் ஹைவேயில் அவர் முதுகில் சாய்ந்து நான் தூங்கியே இருக்கிறேன்.

அப்புறம் இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, வந்தது. நம் வீடுகளில் யாருக்குத்தான் வரவில்லை? முன்னாலேயே வந்திருந்ததாம், நமக்குத்தான் தெரியவில்லை. இடது காலில் ஒரு சின்னக் கொப்புளம், அது புண், அது கறுப்பு... கடைசியில் இடது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறிய பிறகு ஆசையாகக் கப்சாயில் ஏறினார். பெடல் அவருக்குப் பிடிபடவில்லை. மிதித்தோமா இல்லையா என்று கால் சொல்ல மாட்டேன் என்கிறது. மூன்றாம் கியரில் கிளம்பப் பார்க்கிறார், மோட்டார் இருமிவிட்டு அணைகிறது. ஃப்ளாட்டின் கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, சாவியை மேசையில் வைத்துவிட்டார்.

அதனால்தான் ஸ்கூட்டர். கியர் இல்லை. காலுக்கு வேலையே இல்லை. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நானும் எவ்வளவு அப்பாவி பாருங்கள்!

காலுக்கு வேலை இல்லை என்று நமக்குத் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டாமா? சிக்னல் சிவப்பாக மாறினால் அவர் இடது குதிகால் ஃபுட்போர்டில் தட் தட்டென்று இடிக்கும். இல்லாத கியரை இறக்குகிறாராம். கிளம்பும்போது முறுக்குவார், விடுவார், மறுபடி முறுக்குவார். கியர் ஏற்றும் பழக்கம். இத்தனை வருஷம் இடிக்காத என் ஹெல்மெட் இப்போதுதான் இடித்தது. மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்க மாட்டார், த்ராட்டலை லேசாக முறுக்கியபடியே, பின்னால் உருளாமல் வண்டியைத் தொங்க விடுவார்.

ஆனால் உயிர் போகும் விஷயம் அதில்லை. அவசரத்துக்கு வலது காலை ஓங்கி மிதிப்பார். கப்சாயில் அங்கேதான் பிரேக். ஸ்கூட்டரில் அங்கே என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் பலகை. பங்சாரில் ஒரு காரின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். அவர் இன்னும் பலகையை மிதித்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து, "கையில பிடிங்க! கையில!" என்று கத்தியதில்தான் பிழைத்தோம்.

சரி, ஓட்டும் பழக்கம் போகட்டும். இன்னொரு பழக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஃப்ளாட்டுக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டின் செயின் ஸ்ப்ரே. செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். சத்தம் இல்லை என்றால் முகத்தில் ஒரு திருப்தி. போதகர் பிரசங்கத்தில்கூட அந்தத் திருப்தியை நான் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் செயின் கிடையாது. அதற்குப் பதில் ஒரு ரப்பர் பெல்ட். அதுவும் மூடிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல். செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வருவார், சீட்டைத் துடைப்பார், துடைத்த சீட்டையே மறுபடி துடைப்பார்.

அந்த வாரம் ஸ்கூட்டர் கிளம்பும்போதெல்லாம் கீச்சென்று சத்தம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு? முகமே மலர்ந்துவிட்டது! வேலை கிடைத்துவிட்டதே!

சனிக்கிழமை காலையிலேயே முக்காலியோடு இறங்கிவிட்டார். வெறுங்காலோடு இருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எண்ணெய் வேலைக்கு நல்ல ஷூ எதற்கு என்று கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூடியின் ஆணிகளை எல்லாம் கழற்றி, பெல்ட்டைக் கண்டுபிடித்து, செயினுக்குப் போடுகிற அதே ஸ்ப்ரேயை அதற்கும் தாராளமாக அடித்தார். மூடியை மாட்டினார், ஷூவை மாட்டினார். "இப்ப பாரு, வெண்ணெ மாதிரி போவும்" என்றார்.

வெண்ணெய் மாதிரிதான் போயிற்று. வழுக்கிக்கொண்டு.

ஹைவேயில் ஏதோ தயக்கம். முறுக்குகிற அளவுக்கு வேகம் வரவில்லை. பாலத்தின் ஏற்றம் வந்ததும் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. உச்சி வெயில், அனல் காற்று, லோரிப் புகை. இப்போது சொல்லப்போவதைத்தான் நான் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நடுரோட்டில் மோட்டார் நின்றுவிட்டால், பின்னால் வருகிற யாராவது வேகத்தைக் குறைப்பார். மலாய்க்காரரோ, சீனரோ, நம்மாளோ... பெயர்கூடத் தெரியாது. தன் மோட்டாரில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, உங்கள் மோட்டாரின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, வொர்க்‌ஷாப் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்து விட்டுவிட்டு, கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சாமுவேல் எத்தனையோ பேரை அப்படித் தள்ளியிருக்கிறார். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டே தள்ளியிருக்கிறார். நான் பயத்தில் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு திட்டுவேன்.

அன்றைக்கும் ஒருவர் நின்றார். நடுத்தர வயது மலாய்க்காரர், பின்னால் மீன் பெட்டி கட்டிய கப்சாய். பாலத்து ஓரமாக ஒதுங்கி, "பாங், நான் தள்ளிவிடுறேன், ஏறி உட்காருங்க" என்று மலாயில் அண்ணன் முறை வைத்துச் சொன்னார். காலைக்கூட நீட்டிவிட்டார்.

"வேணாம் பாங், கடை பக்கத்துலதான் இருக்கு. தெரிமா காசி" என்று நன்றி சொன்னார் இவர்.

"என்னங்க, அவர்தான் கூப்பிடுறாரே!"

"சும்மா இரு எஸ்தரு. நான் தள்ளித்தான் பழக்கம். தள்ளி விடச் சொல்லிப் பழக்கம் இல்ல."

இதற்கு என்ன பெயர் வைப்பது? வீம்பா? ரோஷமா? விரல்கள் போய், கியர் போய், செயின் போய்... மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதையும் விட அவருக்கு மனமில்லை. எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை ஆற்றில் வீசியிருப்பேன். அந்த மனிதர் தயங்கித் தயங்கிப் போய்விட்டார்.

இவரே ஸ்கூட்டரைத் தள்ளினார். பாலம் இறங்கி முதல் கடை மூடியிருந்தது. அடுத்த கடை கார்களுக்கானது. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். அவர் நொண்டவில்லை. உட்காரவில்லை. "கால் வலிக்குதா?" என்று கேட்டேன், இரண்டு தடவைக்கு மேலேயே கேட்டேன். "வலிக்கல லா, நட" என்றார். நடந்தேன்.

கடைசியில் ஒரு வொர்க்‌ஷாப். குணா என்று ஒரு தம்பி, வாயில் பிஸாங் கோரெங் வாழைப்பழப் பலகாரத்தோடு வந்து மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே எங்களைப் பார்த்தார்.

"அண்ணே... பெல்ட்டுக்கு யாருண்ணே எண்ணெ போட்டது?"

"நான்தான்" என்றார் இவர். "கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சி. பாவமா இருந்துச்சி."

குணா சிரித்தார். நானும் சிரித்தேன். இவரும் சேர்ந்து சிரித்தார். பெல்ட் காய்ந்துதான் இருக்கணுமாம். பிடிப்பில்தான் அது ஓடுகிறதாம், எண்ணெய் பட்டால் பிடிப்புப் போச்சாம். "பெல்ட்டு மாத்தணும்ணே, உள்ளாற எல்லாம் கழுவணும். சாயங்காலம் வாங்க" என்றார் குணா. பிறகு மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன பின் ஒண்ணு காணோமே. மூடிய உக்கார வெக்கிற பின்னு. கழட்டுறப்ப எங்கயோ விழுந்திருச்சி போல. பரவால்ல, என்கிட்ட இருக்கு" என்றார்.

தங்கை வீடு அங்கிருந்து பக்கம். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நேராகச் சமையல் கட்டுப் பக்கம் போய்த் தண்ணீர் கேட்டார். என் தங்கை தம்ளரோடு வந்தவள் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். வெள்ளை டைல்ஸ். வாசலிலிருந்து சமையல் கட்டு வரைக்கும் சிவப்பாக, ஒன்று விட்டு ஒன்றாகப் பாதத் தடம்.

அவரும் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, யாருக்கு அடிபட்டுச்சி?" என்றார்.

யாருக்கு என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். இனிப்பு நீர் வலது பாதத்தின் உணர்ச்சியையும் எடுத்துவிட்டிருந்தது.

வலது ஷூவைக் கவிழ்த்ததும் டங்கென்று அந்தப் பின் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இரும்புக் குழல். பிரிக்ஃபீல்ட்ஸில் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டேதான் அத்தனை தூரமும் வந்திருக்கிறார். வண்டியில் உட்கார்ந்து வந்த வரைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். வெயிலில் பாரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதை உள்ளே இறக்கிவிட்டதாம். அந்த மீன் பெட்டிக்காரர் நீட்டிய கால்... வேண்டாம், அதைத் திரும்ப எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி, மருந்து, காய்ச்சல். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது. போன வாரம் வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

ஆபீஸிலிருந்து பழங்களோடு வந்தார்கள். "டேக் யுவர் டைம், சாம்" என்றார் வக்கீலம்மா. நல்லவர், சத்தியமாக நல்லவர். போகும்போது கிள்ளான் ரூட்டை யார் பார்க்கிறார்கள் என்று இவர் கேட்டார். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். எடுக்காமல் என்ன செய்வார்கள்? கோர்ட் காத்திருக்குமா?

இனி ஸ்கூட்டரும் கிடையாது. கியர் இல்லாவிட்டால் என்ன, நிற்கும்போது ஊன்றிப் பிடிக்க ஒரு பாதமாவது வேண்டாமா? குணா பெல்ட்டை மாற்றி, கழுவித் துடைத்து, அவரே பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் ஓட்டி வந்து ஃப்ளாட்டுக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார். நன்றாக ஓடுகிறதாம். அதை வார்டில் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று.

"வித்துடு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாராவாரம் உங்களுக்கு எதையாவது சொல்லித் தேற்றுகிற நான், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்து இழுத்து விடுகிறேன். எல்லாம் நல்லதுக்கே என்று சர்ச்சிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். எதுங்க நல்லது? வலியைத்தான் நாம் சாபம் சாபம் என்கிறோம். அன்றைக்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் வலித்திருந்தால் பாலத்திலேயே ஷூவைக் கழற்றி உதறியிருப்பார். பின்னைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து மீன் பிரட்டல் சாப்பிட்டிருப்பார்.

இன்றைக்கு உங்கள் வீட்டு இனிப்பு நீர்க்காரர் வேலை முடிந்து வந்ததும் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றுங்கள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வலிக்கவில்லை என்பார், பொய் சொல்ல மாட்டார். நீங்கள் குனிந்து பாருங்கள்.