மாதாவுக்கு நேர்ந்த முடி

மக்டலின் மச்சாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அவள்மேல் இல்லை. அந்தப் பள்ளிக்கூட ரீச்சர்மேல். ரீச்சரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் என் பேனைக்குத்தான் கேடு.

மச்சாள் என் அண்ணன் பற்றிக்கின் மனைவி. புளியந்தீவுக்கு எதிரே வாவிக்கரையில் அவளுடைய சீதன வளவு. அதற்கு அடுத்த வளவில் நான் குடியிருந்தேன். அண்ணன் வாவியில் வலை வீசுகிறவர். மீன் பட்டால் சோறு, படாவிட்டால் கஞ்சி. ஆனால் மச்சாளின் முகத்தையும் தலைமுடியையும் பார்த்தால் கஞ்சி குடிக்கிற வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் கடையில் சவர்க்காரமோ பவுடரோ வாங்கி நான் கண்டதே இல்லை. அரிசி கழுவிய தண்ணீரில் முகம் கழுவுவாள். பயற்றம் மாவையும் மஞ்சளையும் தயிரில் குழைத்து முகம், கை, கால் எல்லாம் அப்பிக்கொண்டு கோழிக்குத் தீன் போடுவாள். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் திடுக்கிட்டு நின்றால் விட மாட்டாள்.

"என்னகா, பேயக் கண்ட மாதிரிப் பாக்கிற? உன்ட காசிலயா பூசினன்?"

வாய்க்காரி. மீன் வாங்க வருகிற யாவாரிகள் என் அண்ணனை ஏமாற்றுவார்கள், அவளிடம் மூச்சு விட மாட்டார்கள்.

அவளுடைய மகள் லூர்துவுக்கு மூன்று வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிழைத்தது. ஆனால் தலைமுடி முழுவதும் கையோடு கழன்று வந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டையில் நாலு தும்பு ஒட்டியிருந்த மாதிரி ஒரு தலை. பார்க்கிற ஒருத்தியாவது வாயை மூடிக்கொண்டு போக வேண்டுமே! இனி முளைக்காது, பெண் பிள்ளையாச்சே, என்ன செய்யப் போகிறாய் என்று வீடு தேடி வந்து துக்கம் விசாரித்தார்கள்.

மச்சாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கரடியனாற்றுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிற மாதா கோயிலில் முழங்காலில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். "மாதாவே, உசிரத் தந்தாய், பெரிய காரியம். இனி இந்தத் தலையில முளைக்கிற முடியெல்லாம் உன்ட. பன்ரெண்டு வயசு மட்டும் கத்தரி படாது. மறுகா கொண்டந்து உன்ட காலடியில வைப்பன்" என்று சத்தமாகவே சொன்னாள். மாதாவிடமும் அவள் அதட்டித்தான் பேசுவாள்.

அன்று தொடங்கியது அவளுடைய பாடு. தேங்காய் வளவில் இருந்தது, எண்ணெய்க்குக் குறைவில்லை. கையாந்தகரை இலையை இடித்துச் சாறு எடுப்பாள். செவ்வரத்தம் பூவும் கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு எண்ணெயைக் காய்ச்சுவாள். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, சூடு ஆறும்போது தாழம்பூ மடலைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. வாவிக்கரையில் தாழம்புதர் எவ்வளவோ இருந்தது, ஆனால் அதற்குள் பாம்பு கிடக்கும் என்று ஒருத்தியும் கை வைக்க மாட்டாள். மச்சாள் மட்டும் பிள்ளைக்காக உள்ளே நுழைந்து முள் கீறின கையோடு வெளியே வருவாள். பாம்பு அவளைக் கண்டு ஓடியிருக்கும் என்று அண்ணன் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் அரப்பு. தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, அவித்து, ஊறவைத்த பயறும் வெந்தயமும் சீயாக்காயும் சேர்த்து அம்மியில் வழுவழுவென்று அரைப்பாள். பிள்ளையைக் கிணற்றடிக் கல்லில் குந்த வைத்து முழுக வார்ப்பாள். அரப்பு கண்ணில் இறங்காமல் இடது கையைப் பிள்ளையின் நெற்றியில் தாழ்வாரம் போலப் பிடித்துக்கொள்வாள். வலது கைதான் தேய்க்கும், வார்க்கும். அந்த இடது கை ஒருநாளும் நழுவி நான் பார்த்ததில்லை.

முடி முளைத்தது. முதலில் பூனை மயிர், பிறகு கறுப்பு, பிறகு அடர்த்தி. லூர்துவுக்குப் பதினொரு வயதில் பின்னல் முழங்காலைத் தொட்டது. வாவி உப்பும் வெயிலும் பட்டு நுனி மட்டும் செம்பு நிறமாக இருக்கும். பிள்ளை நடந்து போனால் பின்னால் தாழம்பூ வாசம் வரும். இது எல்லாம் மாதாவின் சொத்து என்று பிள்ளைக்குத் தெரியும். யாராவது தொட்டால், "அது என்ட இல்ல, மாதாட" என்று சொல்லும்.

அறுபத்தேழாம் ஆண்டு அது. புரட்டாதியில் காட்டு மாதா கோயில் திருநாள், அப்போது லூர்துவுக்குப் பன்னிரண்டு முடிந்திருக்கும். ஆடி மாதம் பொல்லாத வறட்சி. எங்கள் கிணறுகளில் அடியில் கலங்கல் தண்ணீர்தான் கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை விடியப்புறம் மச்சாள் பிள்ளைக்கு முழுக வார்த்தாள். அலசத் தண்ணீர் போதவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிவிட்டது. ஈர முடியைத் துவட்டிப் பின்னி அனுப்பிவிட்டாள்.

பிள்ளை படித்தது ரவுணில், பட்டணத்தில், பாலம் கடந்து போகிற பள்ளிக்கூடம். அங்கே பேன் பரவுகிறது என்று அந்த ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் தலை பார்ப்பாள். எந்தத் தலைகளை? ஓவசியரின் மகளுடைய தலையையா, கந்தோர் உத்தியோகத்தரின் மகளுடைய தலையையா? இல்லை. கரையிலிருந்து போகிற பிள்ளைகளை மட்டும் தனியாக நிறுத்தி, அடிமட்டத்தால் முடியைப் பிரித்துப் பார்ப்பாள். பேனுக்கு எங்கள் வீட்டு வாசல் மட்டும்தான் தெரியும் போல!

லூர்துவின் பின்னலை அவிழ்த்ததும் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சரியாக அலசப்படாத பயறு, காய்ந்து போயிருந்தது.

"ஈர்" என்றாள் ரீச்சர்.

"ஈர் இல்ல ரீச்சர், அது பயறு. அரப்பு" என்று பிள்ளை சொல்லியிருக்கிறது.

"வாய் காட்டாத. தலை முழுக்க ஈர்."

"வெட்டாதீங்க ரீச்சர், அது மாதாட முடி."

அவள் கேட்கவில்லை. தையல் வகுப்புக் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலோடு ஒட்ட வெட்டிவிட்டாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்ததாம். படுபாவி!

பிள்ளை புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாலம் கடந்து வீட்டுக்கு வந்தது. மச்சாள் பையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்து நான் ஓடிப் போனேன். அவள் கத்தவில்லை. தன் தலையில் தானே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். "நான் வடிவா அலசல்லயே, அஞ்சலா! இன்னொரு வாளி வாத்திருந்தா என்ன?" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, உடுத்த சீலையோடு பாலத்தை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

ரீச்சர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள்.

"முடியத் தாங்க" என்றாள் மச்சாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பேன் மூட்டையையா? குப்பைக் கிடங்கில போட்டு எரிச்சாச்சு. துப்புரவா வச்சிருக்க ஏலாட்டி ஏன் அவ்வளவு முடி வளக்கிறீங்க?"

மச்சாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். நேரே பின்வளவுக்குப் போய்க் குப்பைக் கிடங்கில் இறங்கினாள். கையால் கிளறினாள். எல்லாம் கடதாசிச் சாம்பல். கடைசியில் ஒரு பிடி சாம்பலை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். நேர்ந்ததுக்கு இதையாவது மாதாவிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றாள். வீட்டில் ஒரு தகர டப்பாவில் போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு மச்சாள் எண்ணெய் காய்ச்சவில்லை. அம்மியில் அரப்பு வாசமே இல்லை. முகத்தில் பூசுவதையும் விட்டுவிட்டாள். தாழம்பூ பூத்துப் புதரிலேயே வாடியது. பிள்ளை சிரிப்பை மறந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தது. மாதாவுக்குக் கோபம் வந்தால் திரும்பவும் காய்ச்சல் வருமா மாமி என்று என்னிடம் கேட்டது.

ஆவணியில் ரவுண் கோயிலில் மாதா திருநாள் பூசை. பெண்கள் பக்கத்தில் நெரிசல், வேர்வை, புழுக்கம். நாங்கள் மூன்று பேரும் பாயில் இருந்தோம். எங்களுக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், அந்த ரீச்சர். அந்தக் காலத்தில் ரவுண் பெண்கள் சவரி முடி வைத்துத் தலைக்கு மேல் கோபுரம் மாதிரிக் கொண்டை போடுவார்கள். அவளும் போட்டிருந்தாள். மெல்லிசாக ஒரு முக்காடு, அதற்குக் கீழே பெரிய கறுத்த கொண்டை.

குருவானவர் பிரசங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"அஞ்சலா, மணக்கிதா உனக்கு?"

"என்ன?"

"என்ட எண்ண."

மூக்கை இழுத்து மணந்தேன். புழுக்கத்தில், வேர்வைக்கும் பவுடருக்கும் நடுவே, தாழம்பூ. மச்சாள் எண்ணெய் காய்ச்சி எவ்வளவு நாள்! எங்கள் மூன்று பேர் தலையிலும் அது இல்லை. நான் முன்னால் பார்த்தேன். கொண்டையின் அடியில் செருகியிருந்த முடி நுனி கொஞ்சம் வெளியே வந்திருந்தது. செம்பு நிறம்.

மச்சாள் எழும்பப் பார்த்தாள். நான் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

"பூசை முடியட்டும் மச்சாள். மாதாவுக்காக."

"மாதாவுக்காகத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பூசை முடிந்து சனம் முற்றத்துக்கு வந்தது. மச்சாள் மணிக்கோபுரத்தடியில் ரீச்சரை மறித்து நின்றாள்.

"ரீச்சர், உங்கட தலையில இரிக்கிறது மாதாட சாமான்."

"என்ன உளர்றீர்? தள்ளி நில்லும். காசு குடுத்து வாங்கின சவரி."

"ஆரிட்ட?"

ரீச்சர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சனம் கூடிவிட்டது. மச்சாள் லூர்துவை இழுத்து முன்னால் விட்டாள்.

"மனே, பின்னால போய் மணந்து பார்."

பிள்ளை தலைத்துண்டோடு பின்னால் போனது. குதி உயர்த்தி நின்று மூக்கை வைத்தது. அதன் முகம் கோணியது.

"அம்மா, என்ட தல" என்று அழுதது.

ரீச்சருக்கு முகம் கறுத்தது. கறுத்தும் வாய் அடங்கவில்லை. "குப்பைக்குப் போறதத்தானே எடுத்தன்? அதில என்ன பிழை?" என்றாள்.

"குப்பையெண்டா ஏன்டி உன்ட தலையில வச்ச?"

மச்சாள் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. "பேன் மூட்டையெண்டாய். எரிச்சதெண்டாய். நான் கடதாசிச் சாம்பலப் படத்துக்குக் கீழ வச்சுக் கும்புடுறன், நீ மாதாட முடியத் தலையில வச்சுக்கொண்டு நற்கருணை வாங்கிறாய்! கழட்டு! நான் தொட மாட்டன். உன்ட கையால கழட்டு!"

ரீச்சரோடு வந்த பெண்களே விலகி நின்றார்கள். ஒரு வயதான அம்மாள், "கழட்டிக் குடுங்க ரீச்சர், வெக்கக்கேடு" என்றார். ரீச்சர் கூந்தல் ஊசிகளை உருவினாள். ஒவ்வொன்றாக. முடி அவிழ்ந்து விழுந்தது. மச்சாள் முந்தானையை விரித்து ஏந்தினாள்.

ரீச்சருக்கு ஏதாவது நடந்தது என்று நினைக்கிறீர்களா? ஒன்றும் நடக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். அடுத்த ஞாயிறும் முன்வரிசையில்தான் முழங்காலில் நின்றாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

புரட்டாதியில் மூன்று பேரும் காட்டு மாதாவிடம் போய் முடியை வைத்துவிட்டு வந்தோம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்ததை.

ரவுண் கோயிலால் திரும்பி வந்த அன்று மச்சாள் தகர டப்பாவிலிருந்த சாம்பலை வாழைக்குக் கொட்டினாள். சவரி கட்டியிருந்த கறுப்பு நூலை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். ரீச்சரின் பவுடர் மணத்தோடு மாதாவிடம் கொண்டுபோக மாட்டேன் என்றாள். தேசிக்காய் அவித்தாள், பயறு ஊறவைத்தாள், அம்மியில் உட்கார்ந்தாள். அரைக்க அரைக்க வாயில் ஏச்சு ஓயவில்லை. ரீச்சரை ஏசினாள், பள்ளிக்கூடத்தை ஏசினாள், வறண்ட கிணற்றை ஏசினாள், பேசாமல் நின்ற என் அண்ணனையும் ஏசினாள்.

கிணற்றடிக் கல்லில் முடியை நீளமாக விரித்து வைத்து அரப்பைத் தேய்த்தாள். வாளியைச் சரித்து வார்க்கத் தொடங்கினாள். அப்போது அவளுடைய இடது கை தானாக எழும்பி, முடியின் மேல்பக்கத்தில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், தாழ்வாரம் போல நின்றது. கீழே வெறுங்கல்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற லூர்துதான் பார்த்தது.

"அம்மா, அதுக்கு எங்கம்மா கண்ணு?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முடி போன நாளுக்குப் பிறகு பிள்ளை சிரித்தது அப்போதுதான்.

மச்சாள் தன் கையைப் பார்த்தாள். "சிரிக்கிறியா? இஞ்ச வா!" என்று அதட்டிப் பிள்ளையைக் கல்லடிக்கு இழுத்துக் குந்த வைத்தாள். தலைத்துண்டை உருவி எறிந்தாள். மிச்ச அரப்பை எல்லாம் வழித்து அந்தக் கட்டை முடியில் தேய்த்தாள். இடது கை நெற்றியில் போய் இருந்தது. வலது கையால் வார்த்தாள், வார்த்தாள், துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்த்துத் திரும்பவும் வார்த்தாள்.

"மச்சாள், கிணறு வத்தப் போகுது" என்றேன்.

"வத்தினா வத்தட்டும்!" என்று சொல்லி அடுத்த வாளியை இறக்கினாள்.