ஏழு பேர் கட்சி, ஆறு ஓட்டு

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறிய ஆட்டோவில் புதுக் கட்சிக் கொடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற தம்பி அந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளராம். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இப்போதைக்கு மூணு பேருதான் அக்கா. ரெண்டு பேரு வாரேன்னு சொல்லியிருக்காங்க" என்றான். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கார்பன் தாள் வாசனை வந்தது.

எண்பதுகளின் கடைசியில் ராயகிரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, ரத வீதிக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். வெளியாட்கள் கொண்டுவரும் கடிதங்களை அடித்துக் கொடுப்பது என் பாடு. வேகம் உண்டு, கவனம் கிடையாது. கார்பனைத் திருப்பி வைத்துவிடுவேன். நகல் அதே தாளின் முதுகில் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். மற்றவர்கள் திட்டுவார்கள். ஆப்பிரிக்கா அண்ணாச்சி மட்டும் வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துவந்து வைத்து வாசிப்பார்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டவிருந்த காலத்தில் அண்ணாச்சி கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே தேர்தல் வந்தது. கூட்டாளியான ஓர் ஆப்பிரிக்கப் பள்ளி ஆசிரியர் தலைவர், அண்ணாச்சி வேட்பாளர் என்று ஒரு கட்சி தொடங்கினார்கள். எல்லா இனத்தாரும் சமமாக வாழவேண்டும் என்பது கொள்கை. 'அகில மக்கள் ஐக்கிய சமத்துவ முன்னேற்றக் கட்சி' என்பது பெயர். ஆள் என்னவோ அண்ணாச்சி சம்சாரம் மதினியையும் சேர்த்து ஏழுதான். படித்தவருக்கும் சொத்துள்ளவருக்கும் மட்டுமே ஓட்டு என்றிருந்த நாட்டில் ஏழு பேருக்கும் ஓட்டு இருந்தது. பெட்டியைத் திறந்து எண்ணினால் ஆறுதான். நாலே மாதத்தில் கட்சி படுத்துவிட்டது. மிஞ்சியது கட்சிப் பெயரும் ஆப்பிரிக்க விலாசமும் அச்சடித்த ஒரு கட்டுத் தாள்.

அண்ணாச்சி ஊருக்கு வந்தபிறகும் எல்லாவற்றையும் அந்தத் தாளில்தான் எழுதினார். தெருவிளக்கு எரியவில்லை என்று அதில் ஒரு புகார் போனது. ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று பயந்து, மறுநாளே ஓர் அதிகாரி ஏணியோடு வந்து நின்றார்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது வேறு கடிதங்களில். எனக்கு ஓட்டுப் போட்டீரா இல்லையா என்று, எங்கெங்கோ சிதறிப்போன பழைய கட்சிக்காரர் ஐந்து பேரிடமும் முப்பது வருஷம் கழித்து விசாரணை. "தோத்ததுல வருத்தமில்ல மக்கா. கூட இருந்தே குழி பறிச்சவன் எவன்னு தெரியாம கண்ண மூட மாட்டேன்" என்பார்.

பதில்கள் வந்தன. நாலு பேர் போட்டேன் என்றார்கள். அதில் ஒருவர் அம்மா மேல் சத்தியம் செய்திருந்தார். கடைசியில் ஆசிரியரும் போட்டேன் என்று எழுதிவிட்டார். அஞ்சும் அண்ணாச்சியுடையது ஒன்றும் ஆறு. எனக்கே கணக்கு பிடிபட்டுவிட்டது, அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை.

"வாத்தியார்தான் பொய் சொல்லுதான். இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு அடி மக்கா."

அன்று மதினியும் கூட வந்திருந்தார், மடியில் காய்கறிப் பையோடு. "அவர ஒண்ணும் சொல்லாண்டாம். போடாதது நான்தான்" என்றார்.

"ஏன்ட்டி?"

"ஜெயிச்சிருந்தா நீங்க ஊருக்கு வந்திருப்பியளா? எங்க அம்மை மொகத்தப் பாத்து ஒம்பது வருசம் ஆயிருந்துச்சு."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு புதுத் தாள் வைக்கச் சொன்னார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் இவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அடித்துக் கொடுத்தேன். மதினி அதை வாங்கி முருங்கைக்காய்க்கு நடுவில் செருகிக்கொண்டார். ஒரே குடையில் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு மதினி பேரில் மாதம் ஒரு மன்னிப்புக் கடிதம் அண்ணாச்சி அடித்து வாங்கிக்கொண்டு போவார். மதினி கையெழுத்துப் போட மாட்டார். "இன்னொரு எலெக்‌ஷன் வந்தாலும் போட மாட்டாளாம் மக்கா" என்று பெருமையாகச் சொல்லுவார்.

கடைசியாக அவர் வந்தது மதினிக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுவாரம். நீக்கம் ரத்து, மன்னிப்புக் கடிதம் தேவையில்லை என்று அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், "விலாசம் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன், பாவி.

"வீட்டு விலாசத்தையே போடு மக்கா. வேற எங்கன போயிருக்கப் போறா" என்றார்.

மறு வருஷமே அவரும் போய்ச் சேர்ந்தார். இன்ஸ்டிடியூட் இப்போது செல்போன் கடை. அந்த வீட்டையும் இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். நான் அன்று அடித்த கதவு எண் இப்போது அந்தத் தெருவிலேயே கிடையாது.