வராத வாந்தி

2005இல் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். தினமும் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள், முன் சீட்டில் இருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். காற்றில் அது என் கையில் தெறித்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. புதுச்சத்திரத்தில் இறங்கி, நடுக்கம் நிற்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

சிறுவயதிலிருந்தே வாந்தி என்றால் பயம்தான். அன்றிலிருந்து அது என் முழுநேர வேலையாகிவிட்டது. வயிற்றில் இருந்தால்தானே வெளியே வரும் என்று காலையில் சாப்பிடுவதை விட்டேன். பையில் எப்போதும் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் இருக்கும். படிக்கட்டுக்குப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸில் ஏறமாட்டேன். முதுநகரில் கருவாட்டு வாசனை வந்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதோ வரப்போகிறது என்று காத்திருப்பேன். தொண்டைவரை ஏதோ வந்து நிற்கும். வராது. பல நாள் பாதி வழியிலேயே இறங்கியிருக்கிறேன்.

உடம்பு இளைத்தது. ஒருநாள் காலையில் குழாயடியில் ஓங்கரித்துக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்திருந்த அத்தை பார்த்துவிட்டாள். அவளும் அம்மாவும் சமையலறையில் குரலைத் தணித்து வெகுநேரம் பேசினார்கள்.

மறுநாள் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, அம்மா என்னை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் தெருவிலேயே டாக்டர் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் என்று எனக்குப் புரியவில்லை. சின்ன பாட்டிலைக் கையில் கொடுத்து பாத்ரூமுக்கு அனுப்பியபோதுதான் புரிந்தது. ரிசல்ட் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"யாருன்னு மட்டும் சொல்லிடு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"யாரும் இல்லம்மா. பஸ்ல வாந்தி வந்துடுமோன்னு பயமா இருக்கு. அவ்ளோதான்."

"வாந்திக்கு எவளாவது பயப்படுவாளாடி?"

ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அம்மா கைகூப்பி அழுதாள். பிறகு எதற்காக ஓங்கரிக்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம், பஸ்ஸுக்குப் பயந்த என்னை இரண்டு பஸ் மாற்றி ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டார்கள். இரண்டாம் வருடத்தோடு நான் படிப்பை நிறுத்தினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நிம்மதி அடைந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

2008இல் கல்யாணம். புகுந்த வீடு சிதம்பரத்தில், கோயிலுக்கு நடந்து போகிற தூரம். அங்கே எல்லாம் தலைகீழ். நான் தட்டை நகர்த்தினால் மாமியார் முகம் மலர்ந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஆசையாகக் கேட்பார். பிறந்த வீட்டில் மானக்கேடாக இருந்த அதே குமட்டல் இங்கே நல்ல செய்தி. மசக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது கணவருக்கு மட்டும் தெரியும். ஒரு சண்டையில் அவர் அதைத் தன் அம்மாவிடம் போட்டு உடைத்தார். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வாந்திக்குப் பயந்துக்கினு புள்ள வேணாங்குறா."

என் நோயை அதுவரை யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

நானாகவே ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கடைசியாக எப்போது வாந்தி எடுத்தீர்கள் என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்து, நாலாங்கிளாஸில் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இது பலருக்கும் வருகிற நோய்தான், பயத்தைக் கண்டு ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போக வேண்டும் என்றார். அரை இட்லி சாப்பிட்டுவிட்டு புவனகிரிவரை பஸ்ஸில் போய்வரச் சொன்னார். பிறகு முழு இட்லி. பிறகு நடு சீட். சில நாள் ஏறிய இடத்திலேயே இறங்கிவிடுவேன். மறுபடி போவேன். கணவர் முதலில் ஓரிரு முறை கூட வந்தார். பிறகு கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தனியாகவே போனேன். மாதக்கணக்கில் போனேன்.

2010இல் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டாம் மாதம் ஒரு காலையில், பல் துலக்கும்போது, நிஜமாகவே வந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்தா படிப்பை விட்டேன்? பின்னால் மாமியார் சர்க்கரை டப்பாவோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

செய்தி கேட்டு அம்மா பழங்களோடு வந்தாள். தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கி நான் சொன்னத ஏம்மா நீ நம்பல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? அதான் எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சே," என்று சாத்துக்குடியை உரித்து ஒரு சுளையை நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

2012இல் என் மகளைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு பஸ்ஸில் போனபோது, அவள் குடித்த பாலெல்லாம் என் மார்பில் கக்கினாள். பக்கத்தில் இருந்த பெண் முகத்தைச் சுளித்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். என் கண் படிக்கட்டுப் பக்கம் போனது. முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தேன், பிறகு என்னைத் துடைத்துக்கொண்டேன். நாற்றம் போகவில்லை. குழந்தை தூங்கிவிட்டது. கடலூர் வரும்வரை நான் அந்த சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.