பெயர் எழுதி வைத்த பொட்டலங்கள்

போன வருடம், சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி நடந்தது. நான் வணிகவியல் ஆசிரியை. விளையாட்டு பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் சாப்பாட்டுப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மொத்தம் எட்டு அணிகள். காலையில் தோற்கிற நான்கும் ஊருக்குக் கிளம்பிவிடும். ஜெயிக்கிற நான்குக்கு மட்டும் மதியச் சாப்பாடு. எந்த நான்கு என்று எப்படித் தெரியும் என்று விளையாட்டுத் துறை சாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"வருசா வருசம் அதே நாலு டீம்தானுங்க மேடம். கண்ண மூடிட்டுப் பேர் எழுதிருங்க."

அவர் சொன்ன நான்கு கல்லூரிகளின் பெயரையும் பொட்டலங்களின் மேல் எழுதினேன். பெயர் பார்த்துக் கொடுக்கும்படி எங்கள் மாணவிகளிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். மைதானப் பக்கமே போகவில்லை.

மதியம் வெளியே வந்தபோது, சூலூர்ப் பக்கத்துச் சின்னக் கல்லூரிப் பெண்கள் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், தோற்றுவிட்டு நிற்கிறார்கள் என்று நினைத்து அன்பாகத்தான் கேட்டேன்.

"ஏங்கண்ணு, இன்னும் கிளம்பலையா? பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

அவர்களின் கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாங்க ஜெயிச்சுப்போட்டமுங்க மேடம். சாப்பாட்டுக்குப் போனா எங்க காலேஜ் பேர் இல்லைன்னுட்டாங்க."

அவர்களிடம் தோற்ற பெரிய கல்லூரி அணி, தன் பெயர் எழுதிய பொட்டலங்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கேன்டீனுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. திரும்பி வந்து, கையைப் பிசைந்துகொண்டு அந்தப் பெரிய கல்லூரிக் கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுது சிவந்த கண்ணோடு இருந்த அந்தப் பெண் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பிரிக்காத பொட்டலங்களைச் சேர்த்தெடுத்துக்கொண்டு தானே குழாயடிக்கு நடந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. உங்களுக்கு இன்னும் மேட்ச் இருக்குது. நாங்க காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கறோம்."

சூலூர்ப் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என் கையெழுத்தில் வேறு கல்லூரியின் பெயர். மாற்றி எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

அவர்களின் அடுத்த ஆட்டத்தை முழுவதும் நின்று பார்த்தேன். அவர்கள் தோற்றார்கள், எல்லோரும் எதிர்பார்த்தபடியே. கிளம்பும்போது சூலூர்க் கேப்டன் என்னைத் தேடி வந்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க மேடம், போயிட்டு வாரமுங்க" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. மனதாரச் சொன்னாள்.

இன்றும் விடைத்தாளில் பெயரைப் பார்த்ததுமே 'இவளுக்கு இவ்வளவுதான் வரும்' என்று மனம் ஒரு மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சரியாகப் படித்துப் பார்க்காமலே போட்டிருப்பேனோ என்று அப்போதெல்லாம் உடம்பு கூசிப் போகிறது.