முத்துராணி வீட்டு மின்விலாங்கு

முத்துராணி மின்கம்பியின் ரப்பர் தோலைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் கத்திய எடுத்தா இவளும் எடுப்பா சிஸ்டரம்மா" என்று மகள் நித்யாவைக் காட்டினாள்.

நித்யாவுக்கு ஒன்பது வயது. சிறுநீரில் புரதம் இறங்கி உடம்பு வீங்கும் நோய். பள்ளியில் யாருக்காவது சளி என்றால் இவளுக்கும் தொற்றும், உடனே வீக்கம் திரும்பும். இரண்டு முறை அப்படி ஆனபின், ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முத்துராணி முடிவு செய்தாள். டாக்டரும் சரி என்றார். நர்ஸான நான் திங்கட்கிழமைதோறும் போய் எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பேன்.

அவள் கணவர் பேச்சிராஜுக்குத்தான் சம்மதமில்லை. கங்கைகொண்டானில் ஆலை வேலை. வீட்டில் விட்டால் பிள்ளை போனிலேயே கிடக்கும் என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை காலை பள்ளியில் திரும்பச் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் ஞாயிறு, பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று அவருக்குக் காட்ட ஏற்பாடு. முத்துராணி என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

போனில் கிடந்தது உண்மைதான். வீராயி என்று ஒரு கார்ட்டூன் மின்விலாங்கு. வாலை ஆட்டினால் எதிரி கருகிவிடுவான். நித்யாவின் தலையணை உறையிலும் வீராயிதான். நானாக இருந்தால் போனைப் பிடுங்கியிருப்பேன். முத்துராணி கூட உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்டாள். வீராயிக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை? நம் ஆற்று விலாங்குக்கு ஏன் மின்சாரம் இல்லை? விடை தேடி, அறிவியல் புத்தகத்தைத் தொடாத பிள்ளை தசையும் மின்கலமும் படித்துவிட்டது. சுவர் பிளக் பக்கம் போனால் தொலைத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். சின்ன பேட்டரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஞாயிறன்று காட்டிய சோதனை, வீராயியின் மின்சாரம் எந்தத் தண்ணீரில் நன்றாகப் பாயும் என்பது. ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். பேட்டரிக் கம்பிகளை முக்கினால் உப்பில் மட்டும் குட்டி எல்.இ.டி. பல்பு எரிய வேண்டும்.

இரண்டிலும் பளிச்சென்று எரிந்தது.

பேச்சிராஜ் சிரித்தார். "ஏட்டி, உங்க டீச்சரு ரெண்டுலயும் உப்பள்ளிப் போட்டுட்டா போலயே! கொழம்புலயும் இப்படித்தான்."

முத்துராணி முகம் சுருங்கவில்லை. சமாளிக்கவும் இல்லை. "ஏன்னு எனக்குத் தெரியல. ஏட்டி, நீ சொல்லு" என்றாள். அங்கேதான் அவளை எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பெரிய படிப்பாளிகளுக்கே வாய் வராது.

நித்யா யோசித்தாள். "எம்மா, எந்தக் கொழாய்ல புடிச்ச?"

"கொல்லைல, போர் கொழாய்ல. ஆத்துத் தண்ணிய வெளயாட்டுக்கு ஊத்த மனசு வருமா?"

இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் விட்டு வரும் ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் ஆழ்துளைப் போர் தண்ணீர்.

"போர் தண்ணியே உப்பு கரிக்கும்லா!" என்று நித்யா கத்தினாள். குடத்திலிருந்து ஆற்றுத் தண்ணீர் வந்தது. பல்பு மங்கிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"முழுசா அணையலயே?" என்றார் பேச்சிராஜ். சிரிப்பை விட்டுவிட்டிருந்தார்.

"இதுலயும் கொஞ்சம் உப்பு கெடக்கும்ப்பா."

"ஒண்ணுமே இல்லாத தண்ணி?"

"எங்க கெடைக்கும்னு தெரியலயே."

அவர் இரவு வேலைக்குக் கிளம்பினார். பள்ளிப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததே முத்துராணிக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நான் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கையில் வண்டி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில். காய்ச்சி வடித்தது, உப்பே இருக்காது. சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, கம்பிகளைத் தானே பிடித்தார். பல்பு எரியவில்லை. நித்யா கைதட்டினாள்.

பிறகு பள்ளிக்கு போன் போட்டார். "இந்த வருசம் பிள்ள வீட்லயே படிக்கட்டும் சார்" என்றார். முத்துராணி மகளுக்கு மாத்திரையைக் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்து நின்றாள்.